குழலும் துருத்தியும் – 9: மணலில் புதைத்த மூங்கில்

1821-ஆம் ஆண்டில் லாஸ் பின்யாஸ் சூசையப்பர் கோவிலில் ஆர்கன் பேசத் தொடங்கிவிட்டது. வாசிக்கலாம், பாட்டுக்குத் துணை போகலாம் என்ற நிலை. ஆனால் அதைச் செய்த பங்குச் சாமியார் மட்டும் வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்கவில்லை. எக்காளக் குழல்கள் பாக்கி. அந்த ஒரு பாக்கியைத் தீர்க்க அவருக்கு மேலும் 3 வருடம் பிடித்தது. தீர்த்த விதமும் அவர் முதலில் மனதில் போட்டு வைத்திருந்த விதம் அல்ல.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருபவர்களுக்குப் பாதை ஞாபகம் இருக்கும். அலெக்சாந்திரியாவில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிடேசிபியஸ் தண்ணீரின் கனத்தைக் கொண்டு காற்றை அழுத்திக் குழலில் விட்டார். 757-இல் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் பிராங்குகளின் அரசன் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அங்கிருந்து அது மெல்ல மெல்லக் கோவிலுக்குள் நுழைந்தது. இதுவரை நாம் பார்த்த குழல்கள் எல்லாம் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த தகட்டில் சுருட்டியவை, அல்லது ஓக், பைன் பலகையில் பெட்டி போல் அடித்தவை. மூங்கில் என்ற பேச்சே வரவில்லை. ஐரோப்பாவில் மூங்கில் ஏது? இந்த வாரம் கப்பலேறி மணிலா போகிறோம்.

லாஸ் பின்யாஸ் இன்று மணிலா பெருநகருக்குள் அடங்கிப்போன ஓர் ஊர். ஒரு பக்கம் மணிலா விரிகுடா, தெற்கே ஸபோத்தே ஆறு. ஆற்றைத் தாண்டினால் கவித்தே மாகாணம். பிலிப்பைன்ஸ் தெருக்களில் வண்ணக் கோலம் பூசிக்கொண்டு ஓடும் ஜீப்னி வண்டிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, இரு பக்கமும் பெஞ்சு போட்டு உண்டாக்கிய வண்டி அது. அதற்குப் பெயர்போன சராவோ பட்டறை இந்த ஊரில்தான் 1953-இல் தொடங்கியது. அதற்கு முன்னால் ஊரின் அடையாளம் உப்பு. கடல் நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காய வைத்து வாரும் வேலை. தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உப்பளம் இருக்கும் ஊரில் காற்றில் என்ன இருக்கும், இரும்பும் தகரமும் எத்தனை நாள் தாங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்த விஷயத்தை மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாமியாரின் பெயர் டியேகோ செரா. 1762-இல் ஸ்பெயினின் அரகோன் பகுதியில் கிராவுஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அகுஸ்தீனார் சபையின் ரெக்கோலெத்து பிரிவைச் சேர்ந்த துறவி. 1792-இல் மணிலா வந்து சேர்ந்தார், 1795-இல் லாஸ் பின்யாஸ் பங்கை ஏற்றார். ஏறத்தாழ கடைசி வரை அங்கேதான். அந்தக் காலத்துப் பங்குச் சாமியாருக்குப் பூசை வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. சாலை போடுவது, ஆற்றுக்குப் பாலம் கட்டுவது, கல்லில் கோவில் எழுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். செராவுக்கு அதில் சலிப்பு வந்ததாகத் தெரியவில்லை. கை வேலையில் ஆசை உள்ள மனிதர். மணிலா நகரக் கோவில்களுக்கு அதற்கு முன்பே ஆர்கன் செய்து கொடுத்திருந்தார். லாஸ் பின்யாஸில் கல் கோவிலுக்கு 1797-இல் வேலை ஆரம்பித்தார். அது முடிய 1819 ஆனது. கோவில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1816-இல், ஆர்கனுக்குக் கை வைத்துவிட்டார்.

ஏன் மூங்கில்? இதற்குச் செரா எழுதிவைத்த பதில் என்று எதையும் யாரும் காட்டுவதில்லை. ஊகிக்கலாம். அந்தத் தீவுகளில் மனிதன் மூங்கிலுக்குள்தான் வாழ்ந்தான். வீட்டுச் சுவர், தரை, ஏணி, தண்ணீர் மொள்ளும் குழாய், மீன் பொறி, வேலி எல்லாமே அது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெட்டத் தெரிந்த கைகளும் ஊரிலேயே இருந்தன. வெள்ளீயமும் ஈயமும் அப்படியல்ல. நான் கவனிக்கும் இன்னொரு தேதி உண்டு. மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் ஓடிக்கொண்டிருந்த பெரிய சரக்குக் கப்பல் போக்குவரத்து 1815-இல் நின்றது. மணிலாவின் பணப்புழக்கமே அந்தக் கப்பல் கொண்டுவரும் வெள்ளியில்தான் இருந்தது. அது நின்ற மறுவருடம் ஒரு ஏழைப் பங்கில் சாமியார் ஆர்கன் செய்ய மூங்கில் வெட்டுகிறார். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் சொந்தக் கணக்கு. ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் சிக்கனத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் அந்த மனிதரைக் குறைத்துச் சொன்னதாகும். முன் வரிசையில் நெடுநெடுவென்று நிற்கும் மூங்கில் குழல்களைப் படத்தில் பார்த்தாலே போதும், அழகுக்காகவும் ஆசைப்பட்டிருக்கிறார் என்று தெரியும்.

மூங்கிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. உளுத்துப் போகும். மூங்கிலின் சதைக்குள் மாவுச்சத்து இருக்கிறது, அதைத் தின்ன வண்டு வரும். வெளியே பளபளவென்று நிற்கும் கழி, கையில் எடுத்துத் தட்டினால் மஞ்சள் மாவாகக் கொட்டும். நம் ஊரில் பந்தல்காரர்களைக் கேட்டால் தேய்பிறையில் வெட்ட வேண்டும், குளத்தில் ஊறப் போட வேண்டும் என்பார்கள். ஊறப் போடுவதில் உள்ள விஷயம் எளிது. தண்ணீர் அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியே இழுத்துவிடும், பூச்சிக்கு விருந்து இல்லாமல் போகும்.

செரா மூங்கில்களைக் கடற்கரை மணலில் புதைத்தார். மாதக்கணக்கில் கிடக்க விட்டார். உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் ஈர மணல். பிறகு தோண்டி எடுத்து, பூச்சி தொடாமல், வெடிக்காமல் தப்பித்தவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டார். மற்றவை அடுப்புக்கோ வேலிக்கோ போயிருக்கும். பின்னால் 200 வருடம் நிற்கப்போகும் ஒரு வாத்தியத்துக்கு நுழைவுத் தேர்வு அந்த மணலில்தான் நடந்தது. அதில் தேறியவை இன்றும் பாடுகின்றன என்பதால், அந்தப் பொறுக்கலை ஆர்கன் வேலையின் பாதி என்றே சொல்வேன்.

மீதிப் பாதியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆர்கன் குழல் என்பது புல்லாங்குழல் அல்ல, விசில். புல்லாங்குழலில் உதடு நம்முடையது. காற்றை எந்தக் கோணத்தில், எத்தனை மெல்லிய பட்டையாக விளிம்பில் மோத விடுவது என்பதை வாசிப்பவர் கணத்துக்குக் கணம் மாற்றிக்கொள்வார். விரலால் துளையைப் பாதி மூடி, முழுதும் திறந்து ஸ்வரத்தை வளைப்பார். ஆர்கன் குழலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு குழலுக்கு ஒரே ஸ்வரம், அதையும் அதன் வாயை வெட்டியவர் ஒரு தடவை தீர்மானித்து விட்டதுதான். அடியில் காற்று நுழையும் பாதம், அதற்கு மேல் ஒரு கீறல் மட்டும் விட்டு அடைத்த கட்டை, அந்தக் கீறலுக்கு எதிரே சீவிய உதடு. கீறல் ஒரு மயிரிழை அகன்றால் குழல் இரையும். உதடு ஒரு மயிரிழை உயர்ந்தால் பேசத் தயங்கும்.

நீளம் ஸ்வரத்தைத் தீர்மானிக்கும். 8 அடிக் குழல் ஒரு ஷட்ஜம் என்றால் 4 அடிக் குழல் அதற்கு மேல் ஸ்தாயி, 2 அடி அதற்கும் மேல். ஏறிக்கொண்டே போனால் கடைசிக் குழல்கள் விரல் நீளம்தான். நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, பருமனும் கணக்குப்படி சுருங்கிக்கொண்டு வர வேண்டும். தகட்டில் வேலை செய்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வேண்டிய விட்டத்துக்கு வெட்டிச் சுருட்டிப் பற்ற வைத்துவிடுவார். மூங்கிலில் காடு கொடுத்த விட்டம்தான். அடியில் பெருத்து நுனியில் இளைத்திருக்கும், ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே லேசாகச் சாய்ந்திருக்கும், வட்டம் போலத் தோன்றும், அளந்தால் முட்டை வடிவம். கணுக்களை உள்ளே துளைத்து வழிக்க வேண்டும். இந்தக் குழலுக்கு இந்தத் துண்டு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, இப்படி 902 குழல். அந்த எண்ணை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டாதீர்கள்.

ஸ்ருதி சேர்ப்பதிலும் தகட்டுக்கு வசதி அதிகம். குழலின் மேல் விளிம்பைக் கூம்பு வடிவக் கருவியால் லேசாகத் தட்டி விரித்தால் ஸ்வரம் ஏறும், மூடினால் இறங்கும். தப்பினால் திரும்பத் தட்டலாம். மூங்கிலை நறுக்கித்தான் ஏற்ற முடியும். ஒரு நூல் அதிகமாக நறுக்கிவிட்டால் அந்தத் துண்டு அடுத்த ஸ்வரத்துக்குத்தான் ஆகும். 5 வருடம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது பாக்கி வைத்த எக்காளத்துக்கு வருவோம்.

ஸ்பானிய ஆர்கன்களுக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு. முகப்பிலிருந்து எக்காளக் குழல்கள் கிடைமட்டமாக, பீரங்கி வரிசை போல, கோவிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே அது பழக்கம். அந்தக் குழல்களின் ஒலி நேராக ஜனங்களின் தலைக்கு மேல் வந்து இறங்கும். கார்வை அல்ல, அறைகூவல். ஸ்பெயினில் வளர்ந்த ஒருவருக்கு அது இல்லாத ஆர்கன் தவில் இல்லாத கல்யாணம் மாதிரி இருந்திருக்கும்.

இந்தக் குழல்கள் விசில் வகை அல்ல. இவற்றுக்கு உள்ளே நாக்கு உண்டு. பித்தளைத் தகட்டுச் சிறு நாக்கு, காற்று பட்டதும் அதிர்ந்து படபடக்கும். மேலே உள்ள குழல் அந்தப் படபடப்பைக் குரலாக்கும். நமக்கு இது நன்றாகப் பழகிய விஷயம். நாகஸ்வரத்தில் சீவாளியைக் கழற்றித் தனியாக ஊதினால் வாத்துக் கத்தல்தான் வரும். அதை ஆச்சா மரக் குழலில் செருகிய பிறகுதான் தோடியும் கல்யாணியும். அந்தக் குழலை உற்றுப் பாருங்கள். சீவாளிப் பக்கம் குறுகி, அணசுப் பக்கம் விரிந்துகொண்டே போகும். அந்த விரிவுதான் தெருக்கோடி வரை கேட்கும் கம்பீரத்தைத் தருகிறது. அதே நாக்கு வேலைதான் மகுடியிலும், ஆனால் அதன் குழல்கள் நேரானவை, விரியாதவை. மகுடியின் குரல் மூக்கடைத்த குரலாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மூங்கில் நேராக வளர்கிறது. கூம்பாக விரியும் மூங்கில் காட்டில் கிடையாது. செரா என்னென்ன செய்து பார்த்தார் என்ற பட்டியல் நம்மிடம் இல்லை. விளைவு மட்டும் இருக்கிறது: எக்காளக் குரலை மூங்கிலிலிருந்து அவரால் வரவழைக்க முடியவில்லை. மேலே சொன்ன நேர்குழல் விவகாரம்தான் மூல காரணம் என்பது என் கணிப்பு. 1821-இல் வாத்தியம் வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது, எக்காளம் மட்டும் இல்லை. 3 வருடம் கழித்து, 1824-இல், அவற்றை உலோகத்திலேயே செய்து வைத்து வேலையை முடித்தார். உப்புக் காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று தெரிந்தே.

இன்றைய கணக்கில் மொத்தம் 1031 குழல்கள், அவற்றில் 902 மூங்கில், 129 உலோகம். சுற்றுலாக் கையேடுகளும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் 902-ஐப் பற்றியே பேசும். எனக்கு அந்த 129 மேல்தான் பிரியம். முழுக்க மூங்கிலில் செய்தேன் என்று மார்தட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு 1821-இல் கையில் இருந்தது. சுமாரான எக்காளத்தை மூங்கிலிலேயே ஒப்பேற்றி வைத்திருந்தால் உப்பளக்காரர்கள் யாரும் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை. மாட்டேன் என்றது அவர் காது.

உலோகம் சேர்ந்ததில் புதிய தொல்லையும் சேர்ந்தது. வெயில் ஏறினால் விசில் வகைக் குழல்களின் ஸ்ருதியும் ஏறும், ஏனெனில் சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடும். நாக்குக் குழல் அந்த அளவுக்கு அசையாது, நாக்கின் பிடிவாதம் அப்படி. காலை 6 மணிப் பூசைக்குச் சேர்த்த ஸ்ருதி நடுப்பகலில் பிசகும். எல்லா ஆர்கன்களுக்கும் உள்ள நோய் இது. சரிசெய்பவர் நூற்றுக்கணக்கான மூங்கிலைத் தொட மாட்டார், எக்காள நாக்குகளைத்தான் கம்பியால் தட்டி மற்றவற்றோடு சேர்ப்பார்.

வாத்தியத்தின் உருவம் பெரியதல்ல. 5.17 மீட்டர் உயரம், 4.17 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழம். ஐரோப்பியக் கதீட்ரல் ஆர்கன்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளை. வாசிப்பவருக்கு முன்னால் ஆர்மோனியக் கட்டை போல ஒரே ஒரு வரிசை, காலடியில் மிதிகட்டைகள் கொஞ்சம். கட்டையை அழுத்தினால் மெல்லிய மரச்சட்டங்கள் இழுபட்டு, காற்றுப்பெட்டிக்குள் ஒரு மூடி திறக்கும், துருத்தி அனுப்பிய காற்று குழலுக்குப் பாயும். எந்தக் குரல் வரிசை பேச வேண்டும் என்பதைப் பக்கவாட்டில் உள்ள இழுபிடிகள் முடிவு செய்யும். மின்சாரம் வருவதற்கு முன் துருத்தியை மிதிக்கவோ இழுக்கவோ ஆள் வேண்டும். பூசை நடுவில் அவர் கண் அசந்தால் பாட்டு நடுவில் மூச்சு வாங்கும்.

ஒரே வரிசைக் கட்டையை வைத்துக்கொண்டு இரண்டு குரல் பேச வைப்பது ஸ்பானியர்களின் தந்திரம். கட்டை வரிசையை நடுவில் பிரித்து, இடது பாதிக்கு ஓர் இழுபிடி, வலது பாதிக்கு வேறு இழுபிடி. இடது கை மூங்கில் குழலில் மெல்ல நடக்க, வலது கை எக்காளத்தில் அறையலாம். லாஸ் பின்யாஸ் ஆர்கனும் இந்த மரபில் வந்ததே.

பிறகு விளையாட்டுச் சாமான்கள். பறவை என்று ஓர் இழுபிடி. சின்னஞ்சிறு குழல்களின் நுனியைத் தண்ணீரில் முக்கி வைத்துக் காற்றை விட்டால் குமிழியிட்டுக் குமிழியிட்டுக் குருவிக் கூட்டம் போல் சிலம்பும். நம் திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் பறவைக்குள் தண்ணீர் ஊற்றி ஊதும் விசில் உண்டே, அதே வித்தை. வாசிப்பதற்கு முன் யாராவது தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று முரசு. தோலே கிடையாது. கீழ் ஸ்தாயிக் குழல்கள் இரண்டை வேண்டுமென்றே கொஞ்சம் ஸ்ருதி பிசகாக வைத்து ஒன்றாகப் பேச விடுவார்கள். இரண்டு ஒலியும் ஒன்றை ஒன்று மோதி உருளும்போது தூரத்தில் முரசு அதிர்வது போல் கேட்கும். ஸ்ருதி சேராத தம்புராவில் நமக்கு எரிச்சலூட்டும் அதே அலையடிப்பை இங்கே ஒரு வாத்தியமாக்கிவிட்டார்கள்.

செரா 1832-இல் மணிலாவில் காலமானார். அவர் செய்ததன் மேல் இயற்கை வரிசையாகக் கை வைத்தது. மணிலாப் பகுதியை உலுக்கிய 1863 நிலநடுக்கத்தில் நகரின் கதீட்ரலே இடிந்து விழுந்தது. 1880-இல் மறுபடி பெரிய நடுக்கங்கள். நடுநடுவே வருடாவருடம் வரும் புயல்கள். லாஸ் பின்யாஸ் கோவில் கூரை பிய்ந்து, ஆர்கன் மழைக்கும் வெயிலுக்கும் திறந்து கிடந்தது. பிழைத்த குழல்களைக் கழற்றிக் கட்டிக் கோவில் அறைக்குள் போட்டு வைத்தார்கள். வாத்தியம் வாயடைத்துப் போனது.

ஊருக்கும் அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. 1896-இல் ஸ்பெயினுக்கு எதிரான புரட்சி வெடித்தது. மறுவருடம் பிப்ரவரி 17 அன்று, ஊர் எல்லையில் ஸபோத்தே ஆற்றுப் பாலத்தில் கடும் சண்டை. 1899 ஜூன் மாதம் அதே பாலத்தில் இன்னொரு சண்டை, இந்த முறை எதிரி அமெரிக்கா. ஸ்பானியத் துறவிகளின் காலம் முடிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டு மறைபரப்புத் துறவிகள் வந்து பங்கைப் பொறுப்பேற்றபோது, கட்டுக்கட்டாகக் கிடந்த மூங்கில் அவர்கள் கண்ணில் பட்டது. விறகு என்று தூக்கிப் போடாமல் இது என்ன என்று பார்த்தார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அவ்வப்போது ஒட்டுவேலை பார்த்துக் கொஞ்சம் பேச வைத்தார்கள். பாதிக் குரலோடு, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் பொருளாக, இரண்டாம் உலகப் போரையும் தாண்டி நின்றது.

முறையான சிகிச்சை 1970-களில்தான். ஜெர்மனியின் பான் நகரத்தில் 1882 முதல் இயங்கும் கிளைஸ் என்ற ஆர்கன் பட்டறையிடம் பொறுப்பு கொடுத்தார்கள். 1973-இல் வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி அனுப்பினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். ஒன்றரை நூற்றாண்டாக மணிலாவின் ஈரக் காற்றைக் குடித்துப் பழகிய மூங்கில் அது. பான் நகரத்துக் குளிர்காலத்தில் அறைக்குள் கணப்பு போட்டால் காற்று அப்பளம் போல் வறண்டுவிடும். மூங்கில் நீளவாக்கில் வெடிக்கும், அதன் குணமே அது. மணலில் தேறி, புயலில் தேறி, கடைசியில் வைத்தியர் வீட்டில் போய் உயிரை விட்டுவிடக் கூடாதே! கிளைஸ் பட்டறையில் தனி அறை ஒன்றைத் தயார் செய்து, உள்ளே பிலிப்பைன்ஸ் தட்பவெப்பத்தைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். வெளியே ரைன் நதிக்கரைப் பனிக்காலம், உள்ளே லாஸ் பின்யாஸ் புழுக்கம். வேட்டியும் பனியனுமாக வேலை செய்ய வேண்டிய அறைக்குள் ஜெர்மானியக் கைவினைஞர்கள் மூங்கிலுக்கு வாய் திருத்திக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பார்க்கிறேன்.

அதே சமயத்தில் லாஸ் பின்யாஸில் கோவிலையும் அதன் 19-ஆம் நூற்றாண்டு உருவத்துக்குத் திருப்பும் வேலை நடந்தது. பொறுப்பேற்றவர்கள் கட்டடக் கலைஞர்கள் பிரான்சிஸ்கோ மன்யோசாவும் லூத்விக் ஆல்வரெஸும். இதில் மன்யோசா மூங்கில், தென்னை போன்ற உள்ளூர்ப் பொருள்களை வைத்தே பெயர் வாங்கியவர். பின்னாளில், 2018-இல், அந்நாட்டின் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் பூசியதையும் ஒட்டியதையும் நீக்கிக் கல்லை வெளியே கொண்டுவந்தார்கள். கூரையின் உட்புறத்திலும் மூங்கில்.

1975 மார்ச் மாதம் ஆர்கன் ஊர் திரும்பியது. ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள். மே 9-ஆம் தேதி, ஜெர்மனியின் டிரியர் கதீட்ரல் ஆர்கனிஸ்ட் வோல்ப்காங் ஓம்ஸ் வாசித்தார். செரா வேலையை முடித்து 151 வருடம் ஆகியிருந்தது. அன்று கேட்டவர்களில் எவருக்கும் இது முழுக்குரலில் எப்படி இருக்கும் என்ற ஞாபகம் கிடையாது. தாத்தாக்களுக்கும் கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை அது புது வாத்தியம்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது விழாவோ பட்டமோ அல்ல. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் சர்வதேச மூங்கில் ஆர்கன் விழா நடக்கிறது, வெளிநாட்டுக் கலைஞர்கள் வருகிறார்கள். 2003 நவம்பரில் பிலிப்பைன்ஸ் தேசிய அருங்காட்சியகம் இதைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. நல்லது. ஆனால் 1973-இல் அந்த மூங்கிலைத் தொட்டுப் பழுது பார்க்க உள்ளூரில் ஒரு கை இல்லை, அது ஜெர்மனி போக வேண்டியிருந்தது. அடுத்த முறையும் அனுப்புவதா என்ற கேள்விக்கு ஊர் பதில் தேடியது. இந்தக் கோவிலில் 1969-இல் தொடங்கிய சிறுவர் பாடற்குழு ஒன்று இருக்கிறது. ஆர்கன் நிழலில் பாடி வளர்ந்த பையன்களுக்கு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற ஆசை வராமல் இருக்குமா? இளைஞர்கள் ஐரோப்பியப் பட்டறைகளுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1994-இல் லாஸ் பின்யாஸிலேயே ஆர்கன் பட்டறை பிறந்தது. பெயர் டியேகோ செரா ஆர்கன் பில்டர்ஸ். 2003–04-இல் மூங்கில் ஆர்கனுக்கு மறுபடி பெரிய பராமரிப்பு தேவைப்பட்டபோது பெட்டி கட்டும் வேலை இல்லை. நடந்து போகும் தூரத்தில் ஆள் இருந்தது.

அந்தப் பட்டறைக்கு வெளியூர் அழைப்புகளும் வரத் தொடங்கின. பிலிப்பைன்ஸ் கோவில் மாடங்களில் ஸ்பானியர் காலத்து ஆர்கன்கள் எலிக்கும் தூசிக்கும் நடுவே எத்தனையோ கிடந்தன. அவற்றில் ஒன்று தெற்கே போஹோல் தீவில், பக்லயோன் என்ற கடற்கரை ஊரில். மூங்கில் அல்ல. ஆனால் அதன் வயது நம் ஆர்கனின் வயதேதான்: 1824. லாஸ் பின்யாஸ் பையன்கள் அதைத் திறந்தார்கள், 2008-இல் அது மறுபடி பேசியது. 5 வருடம் கழித்து, 2013 அக்டோபர் 15 காலையில், போஹோல் தீவு குலுங்கியது.

(அடுத்த இதழில்: பக்லயோன்)